கட்டுத்துணி

சத்திரப்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்து அந்த அக்கா என்னிடம் கேட்ட கேள்விக்கு மூன்று வருடமாகியும் பதில் சொல்ல முடியவில்லை. கையில் கெட்டி அட்டை போட்ட ஆய்வேடு. நூற்றுநாற்பதாம் பக்கத்துக்குப் பக்கத்தில் எங்கோ அவருடைய படம். நான் எடுத்தது. தறிக்குப் பக்கத்தில் நிற்கிறார், வலது கை நாடாவின் மேல், இடது கையில் தார்க்குச்சி, மேல் ஜன்னலிலிருந்து சாய்வாக விழும் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. எல்லாம் துலக்கமாக இருக்கிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெளிறிய ஒரு மங்கல். அவர் முதலில் தறியைத்தான் அடையாளம் கண்டுகொண்டார். 'இது மேக்கால ஓரத்துத் தறில்லா' என்றார். பிறகு சேலையை. பிறகு அந்த மங்கலின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார், தாளில் எதுவோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். 'ஏன் தம்பி, எம் மூஞ்சிய என்ன செஞ்சீங்க?' நான் பாதுகாப்பு, ரகசியம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை. 'நாங்க நெய்யுற துணியவே எம் மூஞ்சியில சுத்திட்டீங்களாக்கும்' என்று சிரித்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவருடைய மாமியார் சிரிக்கவில்லை. பேப்பரில் போலீஸ்காரர்கள் நடுவே நிற்பவர்களுக்குத்தான் இப்படிப் போடுவார்கள் என்றார். ஊரெல்லாம் நெய்வது மருத்துவத் துணி. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி. காயம் இல்லாத இடத்தில் நான் அதைச் சுற்றியிருந்தேன்.

நான் கல்யாணங்களுக்கு ஃபோட்டோ எடுப்பவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினைந்து வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தேன், ஆளுக்கொரு செல்போன் வந்தபிறகு மூடிவிட்டேன். எழுத்தும் வாசிப்பும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் ஓர் ஆய்வு மாணவி என்னைத் தேடி வந்தார். ராஜபாளையம் வட்டாரத்தில் நூல், தறி வேலைகளில் இருக்கும் பெண்களைப் பற்றிய சமூகவியல் ஆய்வு. பேட்டி மட்டும் போதாது, படமும் ஒலியும் வீடியோவும் வேண்டும், இப்போது ஆய்வுமுறை அப்படித்தான் போகிறது என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாண வீட்டில் யாரும் பார்க்காத கைகளை, பந்தி முடிந்து இலை எடுப்பவர்களை, பாத்திரம் கழுவுகிறவர்களை நான் என் திருப்திக்காக எடுத்து வைத்திருந்தேன். அவற்றுக்கு ஆல்பத்தில் இடமில்லை. இவருடைய ஆய்வில் அந்தக் கைகளுக்கு இடம் இருக்கும் என்று தோன்றியது. தறிக்கூடத்துக்குள் முதல் நாள் நுழைந்ததும் அவருடைய ஒலிப்பதிவுக் கருவி செத்துப்போனது. கருவியில் பழுதில்லை, அந்தச் சத்தத்தில் எந்தக் குரலும் பதிவாகவில்லை. இரும்பு இரும்பை அடிக்கும் சத்தம் காதில் அல்ல, பல்லில் கேட்கும். ஆனால் அங்கே இருந்த பெண்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்கு தறி தள்ளி நிற்பவளிடம் உதட்டை அசைத்து, புருவத்தைத் தூக்கி, தாடையால் திசை காட்டி, கன்னத்தை உப்பி ஒரு மேஸ்திரியைக் குறித்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதிலிருந்து நேற்று பார்த்த சீரியல்வரை எல்லாம் முகத்தாலேயே நடந்தது. இதை நான் அன்றைக்கே கவனித்தேன். கவனித்தும், ஆறு மாதம் கழித்து வீட்டுக் கணினியில் ஒரு முகத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் முப்பத்தேழு முகங்களை நானே அழித்தேன். அந்தக் கூடத்தில் முகத்தை எடுத்துவிட்டால் நாக்கை எடுத்த மாதிரி என்பது அப்போது உறைக்கவில்லை.

மாணவிமேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கவனமானவர். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார். அதில் ஒரு வரி, உங்கள் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும் என்று இருந்தது. அதை எழுதியவர்கள் மனதில் ரகசியம் என்றால் மறைத்தல். கேட்டவர்கள் மனதில் அது வேறாக விழுந்திருக்க வேண்டும். பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டுவது போல, கண்டவர் கையில் கொடுக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்று. மறைக்க வேண்டியதற்குக் காரணமும் இருந்தது. கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம் நிற்கிறோம், கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும், எந்தத் தெருக்காரிக்கு எந்த வேலை தருவார்கள் என்றெல்லாம் அவர்கள் பேசியிருந்தார்கள். கூடத்துக்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார். ஆய்வேட்டை அவர் படிக்கப்போவதில்லை, ஆனால் எந்தத் தாள் எந்தக் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும். அதனால் அழித்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அழிக்காமல் விட்டிருந்தால் வேறொரு திண்ணையில் வேறொரு கேள்வி வந்திருக்கும். ஆனாலும் ஒன்று குத்துகிறது. படத்தைப் பார்த்த அக்காவுக்கு மேற்கு ஓரத்துத் தறி ஒரு நொடியில் தெரிந்தது. அந்தக் கூடத்துக்காரருக்குத் தெரியாமலா போகும்? பயப்பட வேண்டிய ஆளுக்கு அடையாளம் தெரியும்படியும், எங்கோ பல்கலைக்கழகத்தில் புரட்டிப் பார்க்கும் ஆளுக்குத் தெரியாதபடியும் நாங்கள் மறைத்திருக்கிறோம். யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றினோம் என்று யோசித்தால், எங்களை நாங்களே காப்பாற்றிக்கொண்டதாகத்தான் படுகிறது. ஆய்வுக் குழு ஏதும் கேட்டால் நீட்டுவதற்கு ஒரு தாள்.

முகம் மறைக்கிற ஊரா இது? ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் பத்து நிமிடம் நின்றால் போதும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் முகங்கள். ஃபிளக்ஸில் வரிசைவரிசையாக மாமன் மச்சான்கள், தலைக்கு மேலே சமுதாயத் தலைவர்கள், மூலையில் வாயில் விரல் வைத்த குழந்தை. ஒன்றாவது நினைவஞ்சலி, பத்தாவது நினைவஞ்சலி என்று செத்தவர்களின் முகமும் வருடா வருடம் சுவருக்குத் திரும்பி வரும். முகம் ஃபிளக்ஸில் வராதவன் உறவில் இல்லாதவன். இதில் சாதி எந்த முகத்தை எந்தச் சுவர்வரை அனுமதிக்கிறது என்பது இருக்கிறது, அந்தச் சுவருக்காக வெட்டும் குத்தும் நடந்த தென்மாவட்டம்தான் இது. அதனாலேயே முகம் இங்கே லேசான விஷயம் இல்லை. நம் பேச்சிலேயே அது கிடக்கிறது. மதிக்காதவரை முகங்கொடுத்துப் பேசமாட்டார் என்கிறோம். காலையில் காரியம் கெட்டால் யார் முகத்தில் முழித்தேனோ என்கிறோம், சில முகங்களில் முழிக்கவே கூடாது என்று வைத்திருந்தவர்களும் நாம்தான். இருக்கும் இடத்தைச் சொல்ல முகவரி என்கிறோம். பேட்டி கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் எங்களுக்கு முகங்கொடுத்துப் பேசினார்கள். நாங்கள் பேச்சை எடுத்துக்கொண்டு முகத்தைக் கழித்துவிட்டோம்.

பெயரில்லாத முகங்களின் வரலாறு நம் ஊரில் பழையது. 1857க்குப் பிறகு, ஆளுகிற மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வெள்ளைக்கார அரசு எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற படப் புத்தகத்தை 1868இலிருந்து 1875வரை வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் இடுக்கி வைத்து அளந்தவர். அந்தத் தொகுதிகளில் முகங்கள் பிசிறில்லாமல் இருக்கின்றன. நேராக நம்மைப் பார்க்கிற கண்கள். படத்தின் கீழே சாதிப் பெயர் மட்டும் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. முகத்தைக் காட்டிப் பெயரை அழித்தார்கள். நாங்கள் முகத்தையும் அழித்து, 'பங்கேற்பாளர் 14, பட்டியல் சாதி, வயது 40-45' என்று போட்டோம். தர்ஸ்டன் மிச்சம் வைத்தது எதுவோ அதைத்தான் நாங்களும் மிச்சம் வைத்தோம் என்பது எனக்கு அந்தத் திண்ணையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் பட்டது. மாணவியிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, நோக்கம் வேறில்லையா அண்ணா என்றார். வேறுதான். (சமூகவியலில் ஊரையே மறைக்கும் வழக்கமும் உண்டு. ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தைப் பற்றி 1965இல் எழுதியபோது அதற்கு ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்தார். ஊர்ப் பெயரை எடுத்தால் விளக்கத்தில் என்ன குறையும் என்று கேட்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர வேண்டும். தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் எங்கள் 192 அடிக் கோபுரம்தான் என்று இங்கே டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள், மதுரை மேற்குக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். கீழே ஒரு பெயர் எழுதாமல் விட்டதற்காக ஒரு கோபுரமே எழுபது வருடத்துக்கு மேலாக வழக்கில் கிடக்கிறது.)

தறிக்கூடத்துக்குள்ளாவது கேமரா போனது. பஞ்சு மில்லுக்குள் போகாது. சங்கு ஊதும், வேன் வரும், பெண்கள் இறங்குவார்கள், கேட் மூடும். மில் விடுதிகளில் தங்கி, கல்யாணத்துக்குச் சேர்த்துத் தருகிறோம் என்ற பேச்சை நம்பி மூன்று வருடம் வேலை பார்த்த பெண்களின் கதை தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஒருகாலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அதற்குப் படமாகக் கிடைப்பதெல்லாம் மதில்சுவரும் வேனின் பின்கண்ணாடியும்தான். நானும் அதைத்தான் எடுத்தேன். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இதே வேலையைச் செய்த லூயிஸ் ஹைன் பைபிள் விற்பவராகவும் தபாலட்டை விற்பவராகவும் வேஷம் போட்டு மில்லுக்குள் புகுந்தவர். குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழு ஒன்று 1908இல் அவரை வேலைக்கு வைத்தது. தன் சட்டைப் பித்தான்களை அளவாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் கணக்கிட்டு, சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெழுதுவாராம். அவரிடம் எனக்கு வியப்பு இதில் இல்லை. பிள்ளைகளின் பெயரைக் கேட்டு எழுதி வைத்தார், வயதைக் கேட்டார், சிலருக்குத் தெருவையும் எழுதினார். 1910இல் வெர்மாண்டில் ஒரு நூற்பு எந்திரத்தின் மேல் கையை ஊன்றி நிற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் படம் உலகப் புகழ் பெற்றது. அடி கார்ட் என்ற அவளுடைய பெயர் பிற்காலத்தில் அடி லெயர்ட் என்று தவறாகப் பரவி, அப்படியே பல பத்தாண்டுகள் ஓடியது. 1998இல் அந்தப் படம் அமெரிக்கத் தபால்தலையில் வந்தது. அடி 1993இலேயே இறந்துவிட்டார். பிறகு தேடிப்போனவர்கள் பெயரைத் திருத்தி, பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். தேட முடிந்ததே ஒரு பெயர் இருந்ததால்தான், அது தப்பாகவே இருந்தாலும். எங்கள் ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நூறு வருடம் கழித்து யாரும் பங்கேற்பாளர் 14இன் பேத்தியைத் தேடி சத்திரப்பட்டிக்கு வர முடியாது.

ஆனால் ஹைனைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சிவகாசி. 1990இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றியது. நான் அதை வெகுகாலம் கழித்து, ஒரு சினிமா நண்பர் வீட்டு மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பார்த்தேன். மருந்துக் கறை படிந்த விரல்கள் மறந்துவிட்டன. ஒரு பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரித்தது மறக்கவில்லை, ஸ்டுடியோவில் உட்காரவைத்த மாதிரி நிமிர்ந்துகொண்டது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். சிவகாசியைப் பற்றிய உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் 1990இலும் 1996இலும் வந்தன, அந்தக் காலத்துப் படங்களுக்கும் எழுத்துக்கும் அந்தச் சூழலை உண்டாக்கியதில் பங்கு உண்டு. அந்த முகங்கள் மங்கலாக இருந்திருந்தால் நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் உடனே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சிரித்த பிள்ளை இப்போது ஒரு மளிகைக்கடை வைத்திருக்கலாம், தன் பிள்ளையின் பள்ளிக்கூட வாட்ஸாப் குழுவில் அந்தக் காட்சி ஒருநாள் சுற்றி வரலாம். அதற்கு யார் ஒப்புதல் வாங்கியது, எட்டு வயதில் கொடுத்தது நாற்பது வயதுக்கும் செல்லுமா? இதே மாவட்டத்து அருப்புக்கோட்டைக்காரர் திவ்யபாரதி 2017இல் 'கக்கூஸ்' எடுத்தார். அதில் துப்புரவுத் தொழிலாளர்கள் முகத்தை மறைக்கவில்லை. பேசினார்கள், அழுதார்கள், கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது, இயக்குநருக்கு மிரட்டலும் வழக்கும் வந்தன. மறைக்கப்பட்டிருந்தால் அந்தப் படத்தில் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். மலம் மட்டும்தான் இருக்கும். பார்வையாளர்களுக்கு ஏற்கெனவே மூக்கைப் பொத்தத் தெரியும்.

முகத்தை மறைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின், குழந்தைகளின் அடையாளம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சட்டப் புத்தகத்தில் எதிர்த்திசையிலும் ஒன்று இருப்பதை ஒரு வழக்கறிஞர் நண்பர் காட்டினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வந்த திருத்தம், 2016 ஜனவரி 26இலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஏ பிரிவின் பத்தாவது உட்பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு நடவடிக்கைகளையெல்லாம் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகளுடைய உரிமைகள் என்ற தலைப்பில்தான் அது வருகிறது. கோர்ட்டு வாசலில் அவரைக் கேட்டேன், பதிகிறார்களா? அவர் டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பிரிவை எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. குறுக்கு விசாரணையில் ஒருத்தி சொன்னதைத் தாளில் எழுதும்போது 'சாட்சி மௌனமாக இருந்தார்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த மௌனம் எப்படிப்பட்டது, அப்போது யார் முகத்தை அவள் பார்த்தாள், எதிரிக் கூண்டிலிருந்து யார் கனைத்தது என்பது தாளில் ஏறாது.

மௌனம் என்றதும் செண்பகத்தோப்புக்குத்தான் மனம் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே, மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. மாணவிக்குத் தேன் எடுக்கும் பெண்களிடமும் பேச வேண்டியிருந்தது. பேசினார் என்று சொல்ல முடியாது. கேட்டார், அவர்கள் தலையசைத்தார்கள், புளியமரத்தைப் பார்த்தார்கள், ஒருத்தி கிழங்கு ஒன்றை எடுத்துவந்து எங்கள் முன்னால் வைத்தாள். அன்றைய பதிவை எழுத்தாக்கியபோது நாற்பது நிமிடத்துக்கு ஒன்றரைப் பக்கம் வந்தது. இந்த மலைத்தொடர்ப் பளியரோடு 1960களின் தொடக்கத்தில் இருந்து ஆய்வு செய்த பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர், இவர்கள் மிகக் குறைவாகவே பேசுவார்கள், நாற்பது வயதுக்குமேல் கிட்டத்தட்டப் பேச்சே அற்றுப்போகும், அதிகம் பேசுகிறவரைத்தான் கோளாறான ஆளாகப் பார்ப்பார்கள் என்று எழுதினார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவன் பேசாமல் இருப்பதைக் குணமென்று எடுத்துக்கொள்வதா, வந்தவனோடு பேசி என்ன ஆகப்போகிறது என்ற தீர்மானமாக எடுத்துக்கொள்வதா என்பதில் எனக்குத் தெளிவில்லை. பேசாதவர்களைக் கேமராவாவது பிடித்துக்கொள்ளும் என்ற நினைப்பு மாணவிக்கு வந்தது. அன்று நான் ஒரு படமும் எடுக்கவில்லை. பெருமையாகச் சொல்லவில்லை, எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவே. திரும்பும் வழியில் ஒரு மரத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று கட்டியிருந்தது. வனத்துறையின் தானியங்கிக் கேமரா. 1988இலிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த காடு, 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகிவிட்டது. புலியை அதன் வரியை வைத்து அடையாளம் காண்பார்கள், கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒவ்வொரு புலிக்கும் தனி எண் கொடுப்பார்கள். அந்தப் பாதையில்தான் தேனுக்கும் கிழங்குக்கும் போகிறவர்களும் நடக்கிறார்கள். அவர்கள் நடந்தாலும் அந்தப் பெட்டி விழித்துக்கொண்டு ஒரு படம் எடுக்கும். படிவம் எதையும் அது வாசித்துக் காட்டுவதில்லை.

கேமராவை ஆய்வாளர் வைத்திருப்பதுதான் பிரச்சினை, அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம் என்று மாணவியின் வழிகாட்டி சொன்னார். இதற்கு முன்னோடி இருக்கிறது. 1990களில் சீனாவின் யுனான் மாகாணத்தில் கரோலைன் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் அறுபத்திரண்டு கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்தார்கள். வயல்வேலை நேரத்தில் பிள்ளைகளை விட இடமில்லாததை அந்தப் பெண்கள் எடுத்த படங்கள் அதிகாரிகளிடம் கொண்டுபோயின. நம் பக்கம் கக்கூஸ் படத்துக்குக் கேமரா பிடித்த மதுரை பழனிக்குமார் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒளிப்படம் சொல்லித் தருகிறார், அவர்கள் எடுத்ததைக் காட்சிக்கு வைக்கிறார். எனவே மில்லுக்குப் போகும் எட்டுப் பெண்களிடம், உங்கள் வாழ்க்கையை ஒரு மாதம் எடுங்கள் என்று சொன்னோம். கேமரா தேவைப்படவில்லை, எல்லாரிடமும் செல்போன் இருந்தது. மாதக் கடைசியில் வந்து குவிந்தவற்றில் சரிபாதிக்கு மேல் செல்ஃபி. பூனைக்காது வைத்தது, கண்ணை உருட்டியது, தோழியின் தோளில் தலை சாய்த்தது, ஒரே கோணத்தில் பதினோரு தடவை எடுத்தது. முகத்தை வெளுப்பாக்கும் செயலி எல்லாரிடமும் இருந்தது. மிச்சத்தில் டிபன் பாக்ஸ், வேன் ஜன்னலில் சஞ்சீவி மலை, கொலுசு, ஒரு நாய், சம்பளக் கவர் ஒன்று. சம்பளக் கவரைப் பார்த்ததும் எல்லாருக்கும் உற்சாகம். செல்ஃபிகளைத் தரவாக எடுத்துக்கொள்ள முடியாது என்று கழித்துவிட்டார்கள், இருநூறுக்கு மேல். கழித்தால் என்ன என்று நானும்தான் நினைத்தேன். பதினைந்து வருடம் ஸ்டுடியோவில் மணப்பெண்களைக் கணினியில் வெளுக்கவைத்துக் காசு வாங்கியவன் நான், அந்த வெளுப்பில் எவ்வளவு சாதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாததில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சை உதறிவிட்டு, விளக்கு வெளிச்சத்தைத் தேடி உட்கார்ந்து ஒருத்தி பதினோரு தடவை தன்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்றால் அந்த நாளின் மற்ற நேரங்களில் அவளை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பதும் அதில் இருக்கத்தானே செய்யும். எங்கள் ஆய்வுக்கு அவள் கொடுத்த பதில் அதுவாகவே இருந்திருக்கலாம். நாங்கள் தேடியது துயரம். அவர்கள் அனுப்பியது முகம்.

இதையெல்லாம் யோசிக்கும்போது என் ஊர்க் கிணறு ஒன்று குறுக்கே வருகிறது. ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்கள். சாமிக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, அதில் எட்டித் தன் அழகைப் பார்த்துவிட்டுப் பிறகு கொடுத்தாள் என்பது ஊர்க் கதை. வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், உள்ளே இருட்டும் சில்லறையும்தான் தெரியும். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் பிடித்தது பக்தி இல்லை, வரிசை. முதலில் அவள் பார்த்தாள், அப்புறம்தான் கொடுத்தாள். ஜான் காலியர் என்பவர் 1957இல், எடுத்த படத்தைப் பேட்டிக்குக் கொண்டுபோய் எதிரில் வைத்துப் பேசச் சொன்னால் பேச்சு வேறாக வருகிறது என்று எழுதினார். சமூகவியலில் அது இப்போது ஒரு முறையாகிவிட்டது. முறையாகும்போது அதில் ஒன்று நழுவுகிறது. படத்தை எதிரில் வைப்பது மேலும் தகவல் வாங்க. அவர் பார்த்துவிட்டு, இது வேண்டாம், இதைக் கொடுக்கமாட்டேன் என்று சொன்னால் எடுத்து வைத்துவிட நம்மிடம் மனமிருக்கிறதா? நாங்கள் சத்திரப்பட்டிக்குப் படத்தைக் கொண்டுபோனது ஆய்வேடு கட்டுப்போட்டு, பட்டம் வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு. காட்டிவிட்டு வரலாமே என்றுதான் போனேன். ஒரு கால் கிலோ பால்கோவாவும் வாங்கிக்கொண்டு.

அழிக்காத படத்தைக் கேட்டார் அக்கா. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், அனுப்ப எனக்கு உரிமை உண்டா என்று மாணவியிடம் கேட்க வேண்டியிருந்தது என்பதே விசித்திரம். அவர் தயங்கினார், ஒப்புதல் விதிகளில் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை என்றார், பிறகு அனுப்பிவிடுங்கள் அண்ணா என்றார். அக்காவின் மகள் எண்ணுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ வாட்ஸாப்பைத் திறந்தபோது அந்த எண்ணின் வட்டத்துக்குள் படம் மாறியிருந்தது. தறி இல்லை, நாடா இல்லை, தார்க்குச்சி இல்லை, ஜன்னல் வெளிச்சமும் இல்லை. மகள் கழுத்துக்கு மேல் வெட்டியெடுத்து, பின்னால் ஏதோ ஒரு ரோஜாத் தோட்டத்தை ஒட்டியிருந்தாள். கன்னம் கொஞ்சம் வெளுத்திருந்தது. எந்தப் பக்கத்துத் தறிக்காரியிடமோ என்னவோ சொல்ல உதட்டைப் பிரித்த நொடி அது, இப்போது பார்த்தால் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. முன்நெற்றி முடியில் ஒட்டியிருந்த பஞ்சை மட்டும் அந்தப் பெண்ணுக்கு எடுக்கத் தெரியவில்லை போலிருக்கிறது.